விதை தராத பூவின் வம்சம்

அசகாவோ என்றால் ஜப்பானிய மொழியில் 'காலை முகம்'. சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கு நெருங்கிய உறவான கொடி. விடியலில் விரியும், வெயில் ஏறினால் வாடிவிடும். ஐந்து இதழ்கள் ஒட்டி ஒரே புனல், உள்ளே ஐந்து மகரந்தத் தாள்கள், ஒரு சூலகம். இயற்கை தந்த வடிவம் இவ்வளவுதான். சீனாவிலிருந்து பேதி மருந்து விதையாக வந்த இந்தக் கொடியை, 19ஆம் நூற்றாண்டில் எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்துக்காரர்கள் ஆளே தெரியாதபடி மாற்றிவிட்டார்கள்.

'போத்தான்' வகைப் பூவைக் கிட்டத்தில் பாருங்கள். மகரந்தத் தாள் இருக்கவேண்டிய இடத்தில் இதழ். சூலகம் இருக்கவேண்டிய இடத்தில் இன்னொரு பூவே மடிந்து கிடக்கும். 'ஷிஷி', அதாவது சிங்கம் என்ற வகையில் புனல் கிழிந்து, ஒவ்வொரு கீற்றும் குழாயாகச் சுருண்டு, நுனி வெளிப்பக்கம் மடங்கியிருக்கும். இரண்டும் ஒரே செடியில் கூடிவிட்டால், எரிகிற மத்தாப்பைப் பிடித்து நிறுத்தியது போலிருக்கும்.

தாளும் சூலகமும் இப்படி உருமாறிவிட்ட பூ காய்க்காது. கொடிக்கோ ஓராண்டுதான் ஆயுள். அடுத்த ஆண்டு அந்தப் பூ எங்கிருந்து வரும்? நான் கைகூப்புவது இந்த இடத்தில்தான். அதே காயில் பிறந்து, சாதாரணமாகப் பூக்கும் உடன்பிறப்புகளை எடோக்காரர்கள் காப்பாற்றினார்கள். அசகாவோ தன் மகரந்தத்திலேயே காய்ப்பது. செடிக்குச் செடி விதையைத் தனியாக எடுத்து விதைத்து, எதன் பிள்ளைகளில் அதிசயம் தலைகாட்டியதோ அந்த வம்சத்தை வைத்துக்கொண்டார்கள். ஒளிந்திருக்கும் பண்பு ஒன்றென்றால் 4 நாற்றில் ஒன்று. இரண்டு கூடவேண்டுமானால் 16இல் ஒன்று. மூன்றென்றால் 64இல் ஒன்று. பூக்கும்வரை காத்திருக்காமல், நாற்றின் இளம் இலை சுருண்டிருக்கிறதா, ஒடுங்கியிருக்கிறதா என்று பார்த்தே பிரித்துவிடுவார்கள்.

இதே கணக்கை மரபியலின் தந்தை மெண்டல் பட்டாணியில் கண்டு வெளியிட்டது 1866இல். எடோவின் அசகாவோ மோகம் இரண்டாம் முறை உச்சத்தில் இருந்தது 1848 முதல் 1860 வரை. அந்நகரின் ஒகாச்சிமாச்சிப் பகுதியில் வாழ்ந்த கீழ்நிலைச் சாமுராய்கள் பக்க வருமானத்துக்காக வளர்த்த செடி இது! மரபணுவுக்குள் தாவிப் புகும் டிஎன்ஏ துண்டுகளே இந்த மாற்றங்களில் பலவற்றுக்குக் காரணம் என்று பின்னால் ஆய்வாளர்கள் கண்டார்கள். எடோவில் வளர்த்தவர்களிடம் இருந்தது கண்ணும் பொறுமையும்.

வகை வகையான பூ வடிவங்களில் எது உயர்ந்தது என்று என்னைக் கேட்டால், முதல் மரியாதை அந்தச் சாதாரணப் பூச்செடிக்குத்தான்.

கோடையில் ஜப்பான் போகிறவர்கள், சிபா மாநிலம் சகுரா நகரிலுள்ள தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தின் தாவரத் தோட்டத்தை விட்டுவிடாதீர்கள். ஆகஸ்டில் இந்தப் பூக்களைக் காட்சிக்கு வைக்கிறார்கள். காலையிலேயே போய்விடுங்கள்.