மூன்று வலைகளும் ஒரு சொல்லும்

மொழிபெயர்ப்பைப் பாடமாக எடுத்துப் பயிலும் இளைஞர்கள் இன்று கடற்கரைப் பங்குகளிலும் இருக்கின்றனர். பழவேற்காட்டு ஏரியைச் சூழ்ந்த மீனவக் குப்பங்களிலிருந்து சென்னைக்குச் சென்று படிப்போருள் சிலர் விடுமுறை நாள்களில் நம்மிடம் நூல்கள் கேட்டு வருவதுண்டு. தால்ஸ்தோயும் காஃப்காவும் காம்யுவும் ஹெமிங்வேயும் அவர்களுக்குப் பாடம். பெரும்பாலும் எல்லாரும் ஆங்கில உடையிலேயே வருகின்றனர். அவர்களை வாட்டும் ஐயம் ஒன்று உண்டு. ருஷ்யமோ செருமானியமோ அறியாதவர் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கினால் அது மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்புதானே. நிழலின் நிழலுக்கு என்ன மதிப்பு?

ஐயம் நியாயமானதே. ஆயினும் அதைக் கேட்பவர் எந்த ஊரில் நின்று கேட்கிறார் என்பதை அவருக்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

1613-இல் டச்சுக்காரர் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். 1632 முதல் 1642 வரை அங்கே போதகராயிருந்தவர் ஆபிரகாம் ரொஜேரியுஸ். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆனால் நன்றி சொல்வதற்கு அது தடையாகாது. அவருக்குச் சமஸ்கிருதம் தெரியாது. அவ்வூரில் வாழ்ந்த பத்மநாபன் என்னும் அந்தணருக்கோ டச்சு மொழி தெரியாது. இருவருக்கும் பொதுவாயிருந்தது, அக்காலத்தில் நம் துறைமுகங்களிலெல்லாம் வழங்கிய போர்த்துக்கீசியம். பத்மநாபன் பர்த்ருஹரியின் செய்யுள்களைப் போர்த்துக்கீசியத்தில் விளக்கினார். ரொஜேரியுஸ் அவ்விளக்கத்தை டச்சு மொழியில் எழுதிக்கொண்டார். ரொஜேரியுஸ் இறந்து ஈராண்டு கழித்து, 1651-இல், லைடன் நகரில் அந்நூல் வெளிவந்தது. பர்த்ருஹரி ஐரோப்பிய மொழியொன்றில் அச்சேறியது அதுவே முதன்முறை. 1663-இல் செருமானியத்திலும் 1670-இல் பிரெஞ்சிலும் அது பெயர்க்கப்பட்டது. நூற்றாண்டுக்கு மேல் கடந்து ஹெர்டர் என்னும் செருமானியச் சிந்தனையாளர் இதன் வழியாகவே பர்த்ருஹரியைத் தம் மக்களுக்கு எடுத்துரைத்தார். சமஸ்கிருதம், போர்த்துக்கீசியம், டச்சு, செருமானியம் என நான்கு படிகள்! முதல் மூன்றும் நம் ஏரிக்கரையிலேயே ஏறப்பட்டன.

"உலக இலக்கியம்" என்ற சொல்லுக்கே வாழ்வு தந்தவர் கெத்தே. 1827-இல் அவர் அதைப் பேசினார். அவரை வியக்கவைத்த சாகுந்தலம், வில்லியம் ஜோன்ஸ் 1789-இல் வெளியிட்ட ஆங்கிலப் பெயர்ப்பிலிருந்து ஃபோர்ஸ்டர் 1791-இல் செருமானியமாக்கியது. ஆக, உலக இலக்கியம் என்ற எண்ணமே நிழலின் நிழலில்தான் பிறந்தது எனலாம். இதை மாணவர் அறிந்துகொண்டால் கூச்சம் பாதி குறையும்.

முழுதும் குறைய வேண்டியதில்லை. ரொஜேரியுசின் பணியில் இழப்பு உண்டு. செய்யுள் உரைநடையாயிற்று, ஓசை போயிற்று. பர்த்ருஹரி பாடிய மூன்று சதகங்களுள் காதலைப் பற்றியது அந்நூலில் இல்லை. பத்மநாபன் அதை விளக்க முன்வரவில்லை. இடைநிற்பவர் வாய்மூடினால் ஒரு நூலின் மூன்றிலொரு பங்கு கடலைத் தாண்டாமலே நின்றுவிடுகிறது. ஆனால் இவ்விழப்பு நமக்கு எப்படித் தெரிகிறது? ரொஜேரியுஸ் தமக்கு உதவியவரின் பெயரையும் உதவிய முறையையும் மறைக்காமல் எழுதி வைத்ததனால்தான். நம் தமிழ் மொழிபெயர்ப்பு நூல்கள் பலவற்றில், எந்த ஆங்கிலப் பதிப்பிலிருந்து, யாருடைய ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டது என்ற ஒருவரிக் குறிப்புகூட இருப்பதில்லை. நாம் குறை என்று கருதுவது ஆங்கிலத்தின் வழியாகச் செல்வதை அன்று, சென்ற வழியை மறைப்பதையே.

மூலத்திலிருந்து நேராகத் தமிழுக்குக் கொணர்ந்தோரும் நம்மிடையே உண்டு. மாஸ்கோவிலிருந்து பூ. சோமசுந்தரம் ருஷ்ய நூல்களையும், வெ. ஸ்ரீராம் காம்யுவின் 'அந்நிய'னையும், ஏ. வி. தனுஷ்கோடி காஃப்காவின் 'விசாரணை'யையும் தந்தனர். தகழியின் 'செம்மீ'னை மலையாளத்திலிருந்து சுந்தர ராமசாமி தமிழாக்கினார். இந்நூல்களை மாணவர் முதலில் படிக்கட்டும். அவற்றின் சிறப்பு மூலமொழியறிவு மட்டுமன்று என்பதையும் படிக்கும்போதே காண்பர். தமிழின்மீது அவர்களுக்கிருந்த பிடிப்பும் அதற்கு நிகரான காரணம்.

நம் மனக்குறை இங்கேதான் தொடங்குகிறது. மொழிபெயர்ப்பில் நேரும் இழப்பை எல்லாரும் அக்கரையில் தேடுகின்றனர். அது இக்கரையிலும் நேர்கிறது. சில வேளைகளில் இங்கேதான் மிகுதி.

நாம் நன்கறிந்த நூலிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் வலைக்கு மூன்று சொற்கள் உள்ளன. 'திக்துவோன்' என்பது பொதுப்பெயர். மத்தேயு நான்காம் அதிகாரத்தில் பேதுருவும் அந்திரேயாவும் வீசிய வலை 'அம்ஃபிப்ளேஸ்த்ரோன்'. ஒருவர் நின்று வட்டமாக வீசுவது. பதின்மூன்றாம் அதிகாரத்தில் விண்ணரசுக்கு உவமையாக வரும் வலை 'சகேனே'. நீளமாக நீரில் விடப்பட்டு, பலர் சேர்ந்து கரைக்கு இழுப்பது. இச்சொல் புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் இல்லை. நம் தமிழ் விவிலியத்தில், 1995-இன் பொது மொழிபெயர்ப்பிலும்கூட, இவ்விடங்களில் நாம் காண்பது 'வலை' என்ற ஒரே சொல்.

பழவேற்காட்டில் எந்தச் சிறுவனைக் கேட்டாலும் வீச்சுவலை வேறு, கரைவலை வேறு என்பான். மொழிபெயர்ப்பாளர் குழுவில் கிரேக்க அறிஞர் இருந்தனர்; கரைவலை இழுத்தவர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்திருந்தால் சொல் தானாக வந்திருக்கும். இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. வீச்சுவலை ஒரு மனிதனின் திறமை. கரைவலையோ ஊர் கூடிக் கயிறு பிடிக்கும் வேலை. நல்லதும் கெட்டதும் கலந்து வரும். கரையில் அமர்ந்து பிரிப்பார்கள். விண்ணரசு இவ்விரண்டில் எதைப் போன்றது என்பது இறையியல் கேள்வி. மூலத்தில் அதற்கு விடை உண்டு. தமிழில் அது மங்கிப்போயிற்று. மறையுரைகளில் இப்பகுதியைத் தனிமனித உழைப்பின் உவமையாக விளக்கக் கேட்டிருக்கிறோம். மூலம் அதற்கு இடமளிக்கவில்லை.

ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' (1952) மாணவர் அனைவரும் எடுத்துப் பயிலும் நூல். கியூபா மீனவரின் இஸ்பானியப் பேச்சை ஹெமிங்வே ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினார். ஆக மூலமே ஒருவகை மொழிபெயர்ப்பு. அதில் கிழவர் கடலைப் பெண்பாலில் குறிப்பிடுவார்; விசைப்படகு வைத்திருக்கும் இளையவர் சிலர் ஆண்பாலில், ஏதோ எதிரியைப் போலக் குறிப்பிடுவர். தமிழில் கடல் அஃறிணை. பால்வேறுபாட்டை எப்படிக் காட்டுவது என்று வகுப்பறையில் திகைக்கின்றனராம். கடலம்மா என்றும் கடல்தாய் என்றும் நாள்தோறும் சொல்லும் வீட்டிலிருந்து சென்ற பிள்ளைகள் இதில் ஏன் திகைக்க வேண்டும்?

இந்நாவலில் ஒரு பகுதியைப் பயிற்சிக்காகத் தமிழாக்கிய மாணவர் ஒருவர் அதை நம்மிடம் காட்டினார். அவருடைய தந்தையார் ஏரியிலும் கடலிலும் தொழில் செய்பவர். பக்கம் முழுவதும் 'படகின் முன்பகுதி', 'மீன்பிடி உபகரணங்கள்' என்றே இருந்தது. "உங்கள் அப்பா முன்பகுதி என்றா சொல்வார்?" என்று கேட்டோம். "அணியம் என்பார், சாமி. ஆனால் அது வகுப்பில் எடுபடாது, கொச்சை என்று அடித்துவிடுவார்கள்" என்றார். அணியம் எப்போது கொச்சையாயிற்று? மீனவர் வாயில் வழங்குவதைத் தவிர அதற்கு வேறு குற்றம் உண்டா? பிறந்த மொழியை வாயிலில் கழற்றி வைத்துவிட்டு உலக இலக்கியத்துக்குள் நுழைய வேண்டும் என்று இப்பிள்ளைகளுக்கு யாரோ கற்பித்துவிட்டனர். இலக்கணப் பிழையைவிட இது பெரிய கேடு என்பது நம் கருத்து.

தென்கடற்கரைக்கு இந்நிலை சற்று மாறிற்று. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977), ஜோ டி குரூசின் 'ஆழி சூழ் உலகு' (2004) ஆகிய நாவல்கள் அக்கரைக் கத்தோலிக்க மீனவரின் வாழ்வையும் சொல்லையும் இலக்கியத்துள் கொணர்ந்தன. இனி யாரும் அவற்றைக் கொச்சை என்று ஒதுக்க இயலாது. கடல் நாவலைத் தமிழாக்குவோர் அகராதிக்கு முன் இவற்றைப் புரட்டுவது நல்லது.

நம் ஏரியின் சொற்கள் இன்னும் வாய்களிலேயே உள்ளன. 'பாடு' என்ற ஒன்றைப் பாருங்கள். ஏரியில் இன்ன இடத்தில், இன்ன நாளில், இன்னார் வலையிடலாம் என ஊர் வகுத்துக்கொண்ட முறைக்குப் பழவேற்காட்டில் அதுவே பெயர். இடமும் முறையும் உரிமையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். தவக்காலத்தில் ஆண்டவரின் பாடுகள் என்று நாம் தியானிப்பதும் அதே ஒலிதான். பாடுபடுகிறவர் பாட்டுக்குப் போகிறார். இதை ஆங்கிலமாக்கச் சொன்னால் எந்த மாணவரும் ஒரு சொல்லில் முடிக்க முடியாது. ஒரு பத்தி வேண்டும். அந்தப் பத்தியை எழுதும் தகுதி அந்தக் குப்பங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கே முதலில் உண்டு. முகத்துவாரம் மணலால் தூர்ந்து, மீன் குறைந்து, இளைஞர் கூலிவேலைக்கு நகரம் நோக்கிச் செல்லும் இந்நாள்களில், அச்சொற்களை அறிந்த முதியோரும் ஒவ்வொருவராய்க் குறைந்து வருகின்றனர். அடுத்த விடுமுறையில் நூல் கேட்டு வருவோரிடம் காஃப்காவைக் கொடுப்போம். கூடவே ஒரு வெற்று நோட்டுப் புத்தகத்தையும் கொடுப்பதாக இருக்கிறோம்.