ஐதராபாத்தும் அடுக்களையும்: உணவு வழிகாட்டு நூல்களின் மொழி குறித்து ஒரு திறனாய்வு

உடல்நலம் பற்றிய செய்தியைத் தேடிப் பெறவும், பெற்றதை விளங்கிக்கொள்ளவும், விளங்கியதைக் கடைப்பிடிக்கவும் ஒருவருக்குள்ள திறனை நலவாழ்வு எழுத்தறிவு என்பர். இத்திறன் குறைந்திருப்பதற்குப் படிப்போரின் கல்விக்குறைவே காரணமாகப் பெரும்பாலும் காட்டப்படுகின்றது. எழுதுவோரின் மொழி அரிதாகவே ஆய்வுக்கு உள்ளாகின்றது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இந்தியர்க்கான உணவு வழிகாட்டு நெறிகளை 1998இல் நூலாக வெளியிட்டது. 2011, 2024 ஆகிய ஆண்டுகளில் அதன் திருத்தப் பதிப்புகள் வந்தன. இந்நூலின் அறிவியலை அன்று, அதன் மொழியையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது. ஆங்கிலத்தில் சிந்திக்கப்பெற்ற அறிவுரைகள் நாளிதழ், வானொலி, மருத்துவமனைச் சுவரொட்டி, பாடநூல் ஆகியவற்றின் வழியாகத் தமிழ் வீட்டுக்கு வந்து சேரும்போது அவற்றுக்கு நேர்வது என்ன என்பதே ஈண்டு வினா.

வினா சிறிதன்று. இந்தியாவின் மொத்த நோய்ச்சுமையில் 56.4 விழுக்காடு நலக்கேடான உணவு முறைகளால் விளைவது என்று 2024ஆம் ஆண்டுப் பதிப்பே கூறுகின்றது. பாதிக்கு மேற்பட்ட சுமையை இறக்கிவைக்க முனையும் ஒரு நூல் யாருக்கும் புரியாமற் போகுமானால், அப்பிழையைப் படிப்பவர் தலையில் மட்டும் ஏற்றிவிட இயலாது.

குன்னூரில் தொடங்கியது

இந்நிறுவனம் ஐதராபாத்தில் பிறந்ததன்று. 1918இல் நீலகிரி மாவட்டத்துக் குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தில், இராபர்ட் மெக்காரிசன் தலைமையில், பெரிபெரி நோய் பற்றிய சிறு ஆய்வுப் பிரிவாக அது தோன்றியது. 1928இல் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, 1969இல் இன்றைய பெயரைப் பெற்றது. தமிழ் நிலத்தில் தோன்றிய ஆய்வு மரபு என்பதால் மட்டும் இவ்வரலாறு இங்குக் குறிப்பிடப்படவில்லை. தொடக்க காலத்தில் அங்கு ஆராயப்பெற்ற சிக்கல் ஒரு சொல்லாய்வுச் சிக்கலாகவும் அமைந்திருந்தமை கருதத்தக்கது.

அன்றைய சென்னை மாகாணத்தில் பெரிபெரி எல்லா இடத்தும் ஒரேபோல் காணப்படவில்லை. ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட வடசர்க்கார் மாவட்டங்களில் அது மிகுதியாக இருந்தது. புழுங்கல் அரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அவ்வாறில்லை. நெல்லை ஊறவைத்து ஆவியில் அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 உயிர்ச்சத்து அரிசியின் உட்பகுதிக்குள் இறங்கிவிடுகின்றது. பின்னர்த் தீட்டினாலும் அதில் ஒரு பகுதி எஞ்சி நிற்கின்றது. மெக்காரிசனுக்குப் பின் பொறுப்பேற்ற அய்க்ராய்டும் அவருடன் பணியாற்றியோரும் இந்த அரிசிச் சிக்கலை விரிவாக ஆராய்ந்தனர். இரு வட்டாரத்தாரும் உண்டது அரிசியே. வேறுபாடு பொருளில் இல்லை; அவித்தல் என்னும் செயலில் இருந்தது. இலக்கண மாணவர் மொழியிற் சொல்வதானால், நோயைத் தடுத்தது பெயர்ச்சொல் அன்று, வினைச்சொல்.

பெயரும் வினையும்

குன்னூரும் ஐதராபாத்தும் அடுத்தடுத்து உருவாக்கிய உணவு அட்டவணைகள் இந்திய அறிவியலின் பெருஞ்சாதனைகளுள் வைத்து எண்ணத்தக்கவை. அய்க்ராய்டு 1937இல் வெளியிட்ட நலவாழ்வு அறிக்கை எண் 23 அவற்றுள் முன்னோடி. சேலத்திற் பிறந்த சி. கோபாலனும் இராமசாஸ்திரியும் பாலசுப்பிரமணியனும் 1971இல் அதனை விரிவாக்கினர். 2017இல் 528 உணவுப்பொருள்களின் கூறுகளைத் தரும் புதிய அட்டவணை வந்தது. இவற்றில் மொழி ஆர்வலர் மகிழத்தக்க பகுதியொன்று உண்டு. கீரைக்கும் கிழங்குக்கும் மீனுக்கும் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிப் பெயர்கள் தரப்பட்டுள்ளன. அகராதிக் கலைஞர் இப்பகுதியை இன்னும் போதிய அளவு பயன்படுத்திக்கொள்ளவில்லை என்றே சொல்ல வேண்டும்.

எனினும் மக்கள் மொழியிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டவை பெயர்கள் மட்டுமே. களைதல், ஊறவைத்தல், வடித்தல், வதக்குதல், தாளித்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல் என அடுக்களையில் வழங்கும் வினைகளுக்கு அட்டவணையில் இடமில்லை. அட்டவணை என்னும் வடிவம் வினையை ஏற்காது என்று அமைதி கூறலாம்; வழிகாட்டு நூலுக்கு அவ்வமைதி பொருந்தாது.

வழிகாட்டு நூலின் சமையல் முறை பற்றிய பகுதி இதற்கு விதிவிலக்காக நிற்கின்றது. தானியத்தைப் பன்முறை கழுவுதல், நறுக்கிய காயை நீரில் ஊறப்போடுதல், வெந்தபின் எஞ்சிய நீரைக் கொட்டுதல், பருப்பு விரைந்து வேகச் சமையல் சோடா இடுதல் ஆகியவற்றால் நேரும் இழப்புகளை அது பேசுகின்றது. நூல் முழுவதிலும் தெளிவான பகுதி இதுவே. ஒரு கையை, அந்தக் கை செய்யும் ஒரு வேலையை மனத்தில் கொண்டு எழுதப்பெற்றதால் தெளிவு தானே அமைந்தது. ஆயினும் இங்கும் ஒரு குறை தோன்றுகின்றது. சர்க்கரை நோயுள்ளவர் கஞ்சியை வடித்துவிட்டே சோறு உண்ண வேண்டும் என்பது தமிழ்நாட்டில் பரவலாக வழங்கும் நம்பிக்கை. வடித்தால் சத்து போய்விடும் என்று நூல் கூறுகின்றது. இரண்டையும் கேட்ட ஒருவர் எதனை ஏற்பது? மக்கள் முன்பே அறிந்துவைத்திருப்பதோடு உரையாடாத அறிவுரை, அதன் பக்கத்தில் மற்றொரு கருத்தாக நின்றுவிடுகின்றது. சூடு, குளிர்ச்சி, பத்தியம் என்னும் கருத்துகளைத் தவறு என்று தள்ளுவதும் உரையாடலாகாது. கருவுற்ற பெண்ணுக்கு எந்த உணவு விலக்கு என்பதை வீட்டில் முடிவு செய்வன அக்கருத்துகளே.

கலைச்சொல் செய்த நன்மையும் தீமையும்

நிறுவனம் அமைந்துள்ள தார்நாகாவுக்கு அருகிலேயே உஸ்மானியாப் பல்கலைக்கழகம் உள்ளது. 1918இல் உருதுவைப் பயிற்றுமொழியாகக் கொண்டு தோன்றிய அப்பல்கலைக்கழகத்துக்காக 1917இலேயே மொழிபெயர்ப்பகம் ஒன்று நிறுவப்பெற்றது. மருத்துவமும் உருதுவிலேயே கற்பிக்கப்பெற்றது. கலைச்சொற்களை அரபு வேர்களிலிருந்து ஆக்குவதா, மக்கள் பேசும் மொழியின் இயல்புக்கேற்ப ஆக்குவதா என்னும் வாதம் அங்கு எழுந்தது. வகீதுத்தீன் சலீம் 1921இல் எழுதிய கலைச்சொல்லாக்க நூல் பின்னதை வற்புறுத்தியது. 1948க்குப் பின் பயிற்றுமொழி ஆங்கிலமாக மாறியதால் அவ்வாதம் இடையில் நின்றுபோயிற்று. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழில் மருத்துவம் பயிற்றி, உடற்கூறு, அறுவை, மகப்பேறு நூல்களைத் தமிழாக்கிவிட்டார். இவ்விரு முயற்சிகளும் மருத்துவ மாணவருக்காகச் செய்யப்பட்டவை என்பது நோக்கத்தக்கது. மாணவருக்கு வேண்டியது உறுப்பின் பெயர். நோயாளிக்கு வேண்டியது இன்றிரவு என்ன செய்வது என்னும் செய்தி. முதல் தேவைக்கு ஆக்கப்பட்ட சொல்லை இரண்டாம் தேவைக்கு அப்படியே எடுத்தாள்வதில்தான் இன்றைய நலவாழ்வுத் தமிழின் இடர்ப்பாடு உள்ளது.

'சமச்சீர் உணவு' என்பதனை எடுத்துக்கொள்ளலாம். இத்தொடர் எல்லாவற்றையும் சம அளவில் உண்க என்னும் பொருள் தோன்ற நிற்கின்றது. வழிகாட்டு நூல் கூறுவதோ அதற்கு மாறானது: 2000 கிலோகலோரி உணவில் காய்கறி 400 கிராம், தானியம் 250 கிராம், பருப்பு அல்லது முட்டை, இறைச்சி 85 கிராம், எண்ணெய் 27 கிராம். இவற்றுள் சமமானது எதுவுமில்லை. 'சரிவிகித உணவு' என்னும் பழைய வழக்கு இதனினும் நேரானது. அது ஏன் பின்தள்ளப்பட்டது என்பது விளங்கவில்லை.

'நார்ச்சத்து' மற்றொன்று. வாழைத்தண்டு நறுக்குவோர் விரலில் சுற்றி எடுத்து எறிவது நார். அவரைக்காயில் உரித்து நீக்குவது நார். நாள்தோறும் நாரை நீக்கும் கைக்கு நாரே சத்து என்று சொல்லும்போது ஒரு விளக்கமேனும் உடன்வர வேண்டும். வருவதில்லை. 'மாவுச்சத்து' இத்தகைய தடுமாற்றம் எதனையும் தராத நல்ல ஆக்கம். 'கொழுப்பு' என்பதைச் சுவரொட்டியில் எழுதியவர், அச்சொல் தமிழில் திமிரையும் குறிக்கும் என்பதை மறந்திருக்கக் கூடும். கொழுப்பைக் குறையுங்கள் என்று சுவரிலிருந்து ஒருவர் அதட்டுவது போன்ற நகையுணர்வு தோன்றாமற் போவதில்லை.

முற்றிலும் வெற்றி பெற்ற சொல் 'சீம்பால்'. மகப்பேற்றுக்குப்பின் முதலிற் சுரக்கும் பாலைக் கெட்டது எனக் கறந்து கொட்டிவிட்டு, குழந்தையின் வாயில் சர்க்கரை நீரோ தேனோ சேனையாகத் தொட்டு வைக்கும் வழக்கம் தமிழகத்தில் இருந்துவந்துள்ளது. ஆனால் அதே வீடுகளில் பசு ஈன்றால் அதன் சீம்பாலை வெல்லமும் ஏலமும் சேர்த்து அவித்து அக்கம்பக்கத்தாருக்கும் பகிர்ந்தளிப்பர். தாயின் முதற்பாலுக்கும் அப்பெயரையே மருத்துவத்துறையினர் வழங்கியபோது, அறிவுரையின் பெரும்பகுதியை அச்சொல்லே சொல்லி முடித்துவிட்டது. பசுவினுடையது அருமை என்றால் தாயினுடையது எப்படித் தீங்காகும் என்று வாதிட வேறு சான்று வேண்டியதில்லை. இங்குப் புதுச்சொல் எதுவும் ஆக்கப்படவில்லை. வீட்டிலிருந்த சொல் உரிய இடத்தில் வைக்கப்பட்டது.

கேட்பவர் யார்

தொல்காப்பியர் வியங்கோளைப் படர்க்கைக்கு உரியதாகவே கொண்டார். நன்னூலார் அதனை மூவிடத்துக்கும் உரியதாக்கினார். முன்னிலையாரை நேரே நோக்கிக் கூறுவதற்கு ஏவல் உண்டு. இன்றைய நலவாழ்வுத் தமிழ் இவ்விரண்டையும் விட்டு 'வேண்டும்' என்பதிற் குடியேறிவிட்டது. உப்பு குறைக்கப்பட வேண்டும், எண்ணெய் தவிர்க்கப்பட வேண்டும் என்பன போன்ற தொடர்களில் குறைப்பவர் யார், தவிர்ப்பவர் யார் என்பது இல்லை. செயப்பாட்டு வினையில் எழுவாய் மறைவது இலக்கணத்துக்குப் புதிதன்று. ஆனால் ஒரு குடும்பத்தில் பொருள் வாங்குபவர் ஒருவர், சமைப்பவர் ஒருவர், எவ்வளவு போடுவது என்று முடிவு செய்பவர் மற்றொருவர். பெரும்பாலும் சமைத்தவரே கடைசியில் எஞ்சியதை உண்கின்றார். இவர்களில் எவரோடும் அத்தொடர் பேசவில்லை.

அளவு பற்றிய சிக்கலும் இதிலிருந்தே பிறக்கின்றது. நாளொன்றுக்கு ஒருவருக்கு உப்பு 5 கிராமுக்கு மேற்படலாகாது என்பது நெறி. கிண்ணம், கரண்டி போன்ற வீட்டளவுகளும் நூலில் ஆங்காங்கே இடம்பெறுகின்றன. ஆனால் தமிழ் வீட்டில் எவரும் ஒருவருக்கென உப்பிடுவதில்லை. உப்பு பானைக்கு இடப்படுகின்றது, அதுவும் பெரும்பாலும் கையளவில். ஒருவர் தாம் உண்ட உப்பைக் கிராமில் அறிய வழியே இல்லை. அதே நெறியைக் கடைக்கணக்காக மாற்றினால் நிலைமை வேறு. பெரியவர் நால்வர் உள்ள வீட்டுக்கு நாளைக்கு 20 கிராம். எனவே ஒரு கிலோ உப்புப் பொட்டலம் ஐம்பது நாளுக்குக் குறையாமல் வரவேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு என வெளியிலிருந்து வரும் உப்பையும் கருதினால் அதற்கு மேலும் வரவேண்டும். எண்ணெயும் அவ்வாறே: அந்நால்வருக்கு மாதத்துக்கு ஏறத்தாழ மூன்றரை லிட்டர். பொட்டலத்தைப் பிரித்த நாளை நாட்காட்டியில் குறித்துவைப்பது எவர்க்கும் இயலும். தராசு வேண்டியதில்லை, கலோரி என்னும் சொல்லும் வேண்டியதில்லை. அறிவியலில் ஒரு கிராமும் மாறவில்லை. மாறியது அலகும் கேட்பவரும்.

காய்கறியை இவ்வாறு கணக்கிட்டால் வேறோர் உண்மை வெளிப்படுகின்றது. நால்வருக்கு நாளொன்றுக்கு 1600 கிராம். ஒருவருக்கு 400 கிராம் என்று அச்சிட்டபோது எளிதாகத் தோன்றியது, சந்தைப் பையில் வைத்து நோக்கும்போது கூலி வேலை செய்யும் குடும்பத்தின் எட்டாத் தொலைவில் நிற்கின்றது. இது மொழியால் தீரும் சிக்கலன்று. ஆயினும் கிராம் என்னும் அலகு அச்சிக்கலை மறைத்தது. பை என்னும் அலகு அதனைக் காட்டிற்று.

உறையின் பின்புறம்

2024ஆம் ஆண்டுப் பதிப்பு பதினேழு நெறிகளைக் கூறுகின்றது. உணவுப் பொட்டலத்தின் மேலுள்ள விவரங்களைப் படித்து அறிந்து வாங்குக என்பது அவற்றுள் ஒன்று. அறிவுரை நன்றே. ஆனால் நாட்டின் உணவு உறைக்குறிப்பு விதிகளின்படி விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தால் போதும். பிற மொழிகளில் கூடுதலாகத் தருவதற்குத் தடையில்லை, கட்டாயமும் இல்லை. செகந்திராபாத்தில் வாழும் தமிழருக்கும் உருது பேசுவோருக்கும், ஐதராபாத்தின் தெலுங்கருக்கும், மதுரையில் வாழ்வோருக்கும் இதில் நிலை ஒன்றே. வழிகாட்டு நூலை ஒருவர் நல்ல தமிழில் பெற்று, ஒரு சொல்லும் விடாமற் கற்று, அதன்படி ஒழுக முற்பட்டாலும், ஊறுகாய்ப் புட்டியைத் திருப்பிப் பார்க்கும்போது அவர் கற்றது அங்குப் பயன்படுவதில்லை. அங்கே உப்பு என்னும் சொல்லும் இருப்பதில்லை. சோடியம் என்று, நூறு கிராமுக்கு இத்தனை மில்லிகிராம் என்று, ஆங்கில எழுத்தில், ஊசிமுனை அளவில் அச்சிடப்பட்டிருக்கின்றது. அதனை உப்பாக அறிய இரண்டரையால் பெருக்க வேண்டும். பின் தாம் உண்ணும் கரண்டிக்கு வகுக்க வேண்டும்.