‘அபிஜான்’: எல்லைப் பேச்சும் மொழிபெயர்ப்பும்

கொல்கத்தாவின் தென்பகுதியிலுள்ள டாக்குரியா ஏரி 1958இல் ரவீந்திர சரோவர் எனப் பெயர்மாற்றம் பெற்றது. அதனை அடுத்த லேக் டெம்பிள் சாலையில் வாழ்ந்த காலத்தில் சத்யஜித் ரே இயக்கிய படங்களுள் ஒன்று ‘அபிஜான்’ (1962). தாராசங்கர் பந்தோபாத்யாயாவின் புதினத்தைத் தழுவிய இப்படம் வங்காளத்தில் நல்ல வசூல் பெற்றது; ஆயினும் திறனாய்வாளர் பலர் இதனை வணிகச் சமரசமாகவே கருதினர். ‘காஞ்சன்ஜங்கா’ (1962), ‘சாருலதா’ (1964) ஆகியவற்றின் புகழும் இதனை மறைத்தது. இம்மதிப்பீடு மறுஆய்வுக்குரியது. இப்படத்தின் வலிமையில் பெரும்பங்கு அதன் பேச்சுமொழியைச் சார்ந்தது. வங்காளம் அறியாத பார்வையாளரை எட்டுமுன் அப்பங்கு ஆங்கிலத் துணைத்தலைப்பில் கரைந்துவிடுகிறது.

குதிரைக்குப் பதில் கார்

ராஜபுத்திர மரபில் வந்தவன் என்னும் பெருமிதம் கொண்ட நர்சிங் (சௌமித்ர சட்டர்ஜி) 1930ஆம் ஆண்டின் கிரைஸ்லர் வாடகைக் கார் ஓட்டுபவன். அதிகாரி ஒருவரின் காரை முந்திச் சென்ற குற்றத்திற்காக உரிமத்தை இழக்கிறான். சுகன்ராம் என்னும் வணிகன் அவனை அபினிக் கடத்தலில் ஈடுபடுத்துகிறான். சுகன்ராமின் பிடியில் சிக்கிய குலாபியை (வஹீதா ரஹ்மான்) இறுதியில் நர்சிங் மீட்கிறான்.

இக்கதையமைப்பு, தமிழ் இரசிகர் ‘கௌபாய் படம்’ என வழங்கும் வெஸ்டர்ன் வகையை நினைவூட்டுவது. ஜான் ஃபோர்டின் ‘ஸ்டேஜ்கோச்’ (1939) படத்திலும் சட்டத்திற்குப் புறம்பானவனும் சமூகம் ஒதுக்கிய பெண்ணும் ஒரு வண்டிப் பயணத்தில் இணைகின்றனர். ஃபோர்டைப் போற்றி ரே கட்டுரை எழுதியுள்ளமையும் நோக்கத்தக்கது. தமிழில் எம். கர்ணனின் ‘கங்கா’ (1972) போன்ற படங்கள் இவ்வகையின் உடையையும் குதிரையையும் கொணர்ந்தன. ‘அபிஜான்’ அவற்றை விடுத்து, எல்லைநிலம், தன்மானம், தனிமை ஆகிய உள்ளீட்டை எடுத்துக்கொண்டது.

எல்லையும் மொழியும்

படப்பிடிப்பு நிகழ்ந்த துப்ராஜ்பூர், அன்றைய பீகார் எல்லையை ஒட்டிய பீர்பூம் மாவட்டத்தில் உள்ளது. நர்சிங்கின் வங்காளம் இந்திச் சாயல் கொண்டது. குலாபியின் பேச்சு இந்தியின் பக்கமே மிகுதியும் சாய்வது. தாழ்த்தப்பட்ட சாதியிலிருந்து கிறித்தவரான குடும்பத்தைச் சேர்ந்த நீலி பள்ளி ஆசிரியை. அவளிடம் நர்சிங் ஆங்கிலம் கற்க விரும்புகிறான். மரபுப் பெருமை பேசுபவன், அம்மரபு தாழ்வாகக் கருதிய குடும்பத்துப் பெண்ணிடம் மொழி கேட்டு நிற்கும் இச்சூழல் ஆழ்ந்த முரண் உடையது. அதே 1962இல் வெளிவந்த ஃபோர்டின் ‘தி மேன் ஹூ ஷாட் லிபர்ட்டி வேலன்ஸ்’ படத்திலும் எல்லைப்புற ஊரில் எழுத்தறிவு புகட்டுதல் புதிய ஒழுங்கின் வருகையைக் குறிக்கிறது.

மொழிபெயர்ப்புச் சிக்கல்

வங்காள முன்னிலைப் பெயர் துயி, துமி, ஆப்னி என மூவகைப்படும். ஏவல்வினையும் கொர், கொரோ, கொருன் என வேறுபடும். யார் யாரை எவ்வடிவால் அழைக்கின்றனர் என்பதே இத்தகைய கதையில் சாதி, வர்க்கம், நெருக்கம் ஆகியவற்றைப் புலப்படுத்தும். ஆங்கிலத்தின் ஒற்றை முன்னிலைப் பெயர் இவ்வேறுபாட்டைக் காட்டாது.

தமிழுக்கு இங்கு வாய்ப்பு மிகுதி. செய், செய்யும், செய்யுங்கள் என ஏவலில் தமிழும் மூன்று படிநிலைகள் உடையது. எனினும் இவற்றை நேர்க்குநேர் பொருத்துதல் கூடாது. ‘துமி’ கணவன் மனைவியரிடையிலும் நண்பரிடையிலும் இயல்பாக வழங்குவது. தமிழின் ‘நீர்’ இன்று சில வட்டாரங்களிலும் எழுத்து நடையிலுமே மிகுதியும் நிலைத்துள்ளது. படர்க்கையிலோ சிக்கல் எதிர்த்திசையில் எழுகிறது. வங்காளத்தின் ‘சே’ ஆண்பால் பெண்பால் வேறுபாடு காட்டாது. தமிழில் அவன், அவள் என வரையறுத்தே ஆகவேண்டும்.

கலப்புப் பேச்சைப் பெயர்ப்பது இதனினும் கடினம். குலாபிக்குத் தமிழ்நாட்டு வட்டார வழக்கு ஒன்றைத் தந்தால் அவள் அவ்வட்டாரத்தவளாகவே ஆகிவிடுவாள். ஓரிரு இந்திச் சொற்களையும் விளிகளையும் அப்படியே நிறுத்தி, தொடர்களை எளிமையாகக் குறுக்குவது ஏற்புடைய வழியாகலாம். அவளுடைய அயன்மை அப்போது கேட்கும், ஊர் மாறாது.

டாக்குரியா ஏரிக்கு அண்மையிலுள்ள லேக் மார்க்கெட் வட்டாரத்தில் தமிழர் பல தலைமுறைகளாக வாழ்கின்றனர். இரு மொழிகளின் மரியாதை வழக்கையும் அன்றாடம் கையாளும் அவர்களின் துணையோடு, வங்காள மூலத்திலிருந்தே நேரடியாக ‘அபிஜான்’ படத்திற்குத் தமிழ்த் துணைத்தலைப்பு அமைத்தல் இயலும். அம்முயற்சி, ஆங்கிலத்தின் வழியாகவே இந்திய மொழிப் படங்களை அறியும் நிலையைச் சிறிதேனும் மாற்றும். ரேயின் இப்படைப்பை அதன் குரலோடு மதிப்பிடவும் வழிவகுக்கும்.