ஆற்றுப்படையும் ஆண்டு விருந்தும்

கம்பெனிகள் தம் சிப்பந்திகளுக்கு ஆண்டுக்கொரு முறை விருந்தளிப்பது மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வேரூன்றிவிட்ட வழக்கமாகும். ஹோட்டல் மண்டபத்தில் வட்ட மேசைக்குப் பத்துப் பேராக அமர்ந்து, எட்டு வகை உணவை ஒன்றன்பின் ஒன்றாக உண்டு, அதிர்ஷ்டக் குலுக்கில் தொலைக்காட்சிப் பெட்டி நம் எண்ணுக்கு விழாதா என்று காத்திருந்து வீடு திரும்புகிறோம். தீபாவளி வந்தால் திறந்த இல்ல விருந்து வேறு. இவ்விருந்துகளில் பாடவும் ஆடவும் கொட்டவும் நகைக்க வைக்கவும் கலைஞர்கள் கூலிக்கு அமர்த்தப்படுகின்றனர். இதனை இலக்கியப் பகுதியில் எழுதுவானேன் என்று அன்பர் சிலர் வினவலாம். கலைஞன் ஒருவன் விருந்தளிப்போனைத் தேடிச் செல்வதையும், அவன் அங்கு நடத்தப்பெற்ற விதத்தையும் பொருளாகக் கொண்டு ஒரு பாட்டு வகையையே படைத்த மொழி நம்முடையது. ஆதலின் இஃது இலக்கியத்தின் புறத்ததாகாது.

முதற்கண் நாம் கண்டதைக் கூறுவாம். அண்மையில் கோலாலம்பூரில் நடந்த அத்தகைய விருந்தொன்றிற்கு நாம் சென்றிருந்தோம். கம்பெனியின் பெயர் ஈண்டு வேண்டா. உறுமி மேளக் குழுவொன்று அழைக்கப்பட்டிருந்தது. தோட்டத்து லயத்தில் தம் பாட்டனாரிடம் தொழில் கற்ற பெரியவர் ஒருவரும், அவர் பழக்கிய வாலிபர் எழுவரும் அக்குழுவினர். மாலை 5 மணிக்கே வந்துவிடுமாறு அவர்களிடம் சொல்லியிருந்தனர். மேடையேற்றியதோ இரவு ஒன்பதரை மணிக்கு. இடையில் அவர்கள் நின்ற இடம் சமையற்கட்டை அடுத்த நடைவழி. உண்டது ஆளுக்கொரு ரொட்டிப் பொட்டலம். 30 நிமிடம் என்று பேசியிருந்த நிகழ்ச்சி, மேலதிகாரியின் சொற்பொழிவு நீண்டமையால், 7 நிமிடமாகக் குறைக்கப்பட்டது. அவ்வேழு நிமிடத்திலேயே மீனும் பரிமாறப்பட்டது. மேசையைச் சுழற்றி மீன் எடுப்பதில் ஈடுபட்டிருந்த மண்டபத்தில் மேடையை நோக்கியவர் மிகச் சிலரே.

அதனினும் கொடியது பின்னர் நிகழ்ந்தது. நிகழ்ச்சியை நடத்தி வைத்தவர் குழுவின் பெயரைச் சொல்லவில்லை. “நம் இந்திய நண்பர்கள்” என்றார். விளக்கை அணைத்துவிட்டால் இவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும் என்று அவர்களது நிறத்தைக் குறித்து ஒரு வேடிக்கையும் செய்தார். மண்டபம் நகைத்தது. நம் மேசையிலிருந்த தமிழரும் நகைத்தனர். நாமும் வாய் திறந்தோமில்லை, அதனை மறைப்பதற்கில்லை. வெளியே பெரியவரைக் கண்டு பேசினோம். பேசிய 1,500 வெள்ளியில் பாதி அடுத்த மாதம் வரும் என்று சொல்லியனுப்பினார்களாம். “பணம் இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு வரும் ஐயா. இந்தப் பையன்களை அடுத்த முறை எந்த முகத்தோடு கூப்பிடுவேன்?” என்றார் அவர்.

நிற்க. பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள். அவற்றுள் திருமுருகாற்றுப்படை தெய்வத்தினிடம் வழிப்படுத்துவது. ஏனைய நான்கும் பொருநரையும் பாணரையும் கூத்தரையும் மனிதரிடம் வழிப்படுத்துவன. பரிசு பெற்று மீளும் கலைஞன் எதிரே வரும் வறிய கலைஞனைக் கண்டு, “இன்னாரிடம் செல்; எம்மை இவ்வாறு போற்றினான்” என்று கூறுவதே அவற்றின் அமைப்பு. 1889 ஆம் ஆண்டு உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்தபின் இவை படிப்போர் கைக்கு எளிதில் எட்டின. நம்மவர் இவற்றை மன்னர் பெருமைக்கும் பழைய உணவு வகைக்கும் சான்று தேடிப் படிப்பரேயன்றி, கலைஞனை அமர்த்துவோன் கடமை இன்னதென்று கூறும் நூல்களாகப் படிப்பவர் அரியர்.

முடத்தாமக் கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படையை நோக்குக. ஈரும் பேனும் குடியேறி, பல நூல் கொண்டு தைத்த கந்தலுடன் பொருநன் வருகிறான். கரிகாலன் அக்கந்தலைக் களைவித்துப் பாம்பின் சட்டை போன்ற மெல்லிய ஆடை அளிக்கிறான். உறவினனைப் போல் அருகிருத்தி, பல் தேயும் அளவும் ஊன் உணவு ஊட்டுகிறான். விடை கொடுக்கும்போது நான்கு வெண்குதிரை பூட்டிய தேரைத் தந்து, தானே ஏழடி பின்னே நடந்து வழியனுப்புகிறான். நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையிலோ, நல்லியக்கோடன் தானே நின்று உணவிடுகிறான். இவ்விரண்டிலும் நம் கருத்தை ஈர்ப்பது தேரும் பொன்னும் அல்ல, அவற்றைக் கொடுக்க எக்கம்பெனிக்கும் இயலாது, கொடுக்கவும் வேண்டா. அமர்த்தியவன் தானே கலைஞனைக் கண்டான், தானே உடனிருந்தான், தானே வழியனுப்பினான் என்பதே கருதத்தக்கது. ஏழடி நடப்பதற்கு எக்கணக்கப்பிள்ளையின் ஒப்புதலும் தேவையில்லை.

புறநானூற்றில் பெருஞ்சித்திரனாரின் செய்தி இதனினும் தெளிவானது. அவர் அதியமான் நெடுமான் அஞ்சியிடம் சென்றபோது, அவன் தான் காணாமலே, பரிசிலை மட்டும் கொடுத்துப் போகச் சொன்னான். அவர் அதனை ஏற்க மறுத்தார். தம்மைக் காணாமல் தந்த பொருளைக் கொண்டு செல்வதற்குத் தாம் வாணிகம் செய்ய வந்தவரல்லர் என்றும், அளவிற் சிறிதாயினும் தகுதி அறிந்து தருவதே இனிது என்றும் கூறினார். வறுமையுற்ற புலவர் பொருளைத் தள்ளியது செருக்கன்று. தம் புலமையை அறியாதவன் தரும் பொருளை ஏற்பது அப்புலமையையே விட்டுக்கொடுப்பதாகும் என்று அவர் உணர்ந்தார். உறுமிப் பெரியவரின் சொல்லிலும் அதே குரலை நாம் கேட்டோம்.

ஆயினும், பழமை அனைத்தும் பொன் என்று கூறுவது நம் கொள்கையன்று. அதே சிறுபாணாற்றுப்படையில் பாணனின் அடுக்களையைப் பாருங்கள். ஈன்ற நாய் குரைத்துக் கிடக்கும் இடிந்த அடுக்களையிலே, குப்பைக் கீரையை உப்பின்றி வேகவைத்து, அயலார் காண நாணி, கதவை அடைத்துக்கொண்டு உண்கிறார்கள். கொடையை நம்பி வாழும் கலைஞனின் உண்மை நிலை இதுவே. மன்னன் மனம் இரங்கினால் தேர், இரங்காவிடின் கீரை. பாடுவதும் அவன் புகழாகவே இருத்தல் வேண்டும். ஆதலின் கொடை போய்க் கூலி வந்தது நன்மையே. கூலி என்பது உரிமை. அதனைக் கேட்பவன் இரவலன் அல்லன். இன்றைய குறை யாதெனின், கொடையாளனின் அன்பை விட்டுவிட்ட கம்பெனிகள், கூலி கொடுப்போனின் ஒழுங்கையும் கைக்கொள்ளவில்லை என்பதே. “காசு குறைவு; ஆனால் உங்களுக்கு விளம்பரம் கிடைக்கும்” என்கின்றனர். தங்கள் கம்பெனிச் சரக்கை விளம்பரத்துக்காக யாருக்கேனும் இலவசமாக அனுப்புவார்களோ?

எதிர்ப்பக்கத்தையும் நோக்குதல் நேர்மை. ஏற்பாடு செய்யும் பொறுப்பு பெரும்பாலும் வேறு வேலையுள்ள ஓர் இளம் சிப்பந்தியின் தலையில் விழுகிறது. அவருக்குக் கொடுக்கப்படும் தொகையிற் பெரும்பகுதி உணவுக்கும் பரிசுக்கும் போய்விடும். வேலையால் களைத்தவர்கள் மேசை நண்பருடன் பேச விரும்புவதும் குற்றமாகாது. கலைஞர்களிலும் குறை உண்டு. நேரந்தவறி வருவோரும், பதிவு செய்த பாட்டுக்கு வாயசைப்போரும், பத்தாண்டாக ஒரே சினிமாப் பாட்டுக்கு ஆடுவோரும் இலரோ? கலைஞன் தன் தொழிலை மதியாவிடில் பிறர் மதிப்பர் என்று எதிர்பார்த்தல் வீண். ஆனால் இவை யாவும் முன்கூட்டிப் பேசித் தீர்க்கக்கூடிய காரியங்கள். நிறத்தை நகைப்பதற்கும் கூலியை நிறுத்துவதற்கும் காரணமாகமாட்டா.

ஆகவே அமர்த்துவோர்க்குச் சில சொல்வோம். அமர்த்துமுன் அக்குழு வேறோரிடத்தில் நிகழ்த்துவதை ஒரு முறையேனும் சென்று காண்க. ஐந்து நிகழ்ச்சியை நறுக்கி வைப்பதினும் ஒன்றை முழுமையாக வைப்பது சிறப்பு. அந்நேரத்தில் உணவு பரிமாறுதலை நிறுத்தி வைக்குமாறு ஹோட்டலாரிடம் சொல்லுக. கலைஞர்க்கு உடைமாற்ற ஓர் அறையும், விருந்தினர் உண்பதையே உண்ண ஒரு மேசையும் கொடுக்க. நிகழ்ச்சி நடத்துபவர் என்ன வேடிக்கை செய்வார் என்பதை முன்னரே கேட்டு, நிறம், இனம், பெண்மை ஆகியவற்றை இழிப்பதைத் தடுக்க. குழுவின் பெயரை மேடையிலே தெளிவாக உரைக்க. சிங்கப்பூரில் 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பதிப்புரிமைச் சட்டம், படைப்போரும் நிகழ்த்துவோரும் தம் ஆக்கம் பொதுவில் பயன்படும்போது பெயர் சுட்டப்பெறும் உரிமையை அளித்துள்ளது. பெயரைச் சொல்வது கருணையன்று என்பதை இதனால் அறியலாம்.

கலைஞர்க்கும் ஒரு சொல். வாய்ப்பேச்சை நம்பற்க. நாள், நேரம், எத்தனை நிமிடம், எவ்வளவு தொகை, எந்நாளில் தருவது, நிகழ்ச்சி கைவிடப்பட்டால் என்ன செய்வது என்பனவற்றை எழுத்தில் பெறுக. முன்பணம் கேட்க நாணற்க. சிங்கப்பூரில் அரசாங்கமும் முதலாளிமாரும் தொழிற்சங்கமும் சேர்ந்து 2018 ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறையும், சுயதொழில் செய்வோரை அமர்த்தும்போது இவ்வாறே எழுதிக்கொள்ளச் சொல்கிறது. கூலி வராவிடின், அங்கே 20,000 வெள்ளி வரையுள்ள வழக்கைச் சிறு கோரிக்கை மன்றத்திற்குக் கொண்டு செல்லலாம். மலேசியாவிலும் 5,000 வெள்ளிக்குட்பட்ட சிறு வழக்கைத் தனிமனிதர் வழக்கறிஞர் இன்றியே தொடுக்க வழியுண்டு.

ஆற்றுப்படை பாடுவோர் இன்றும் இருக்கின்றனர். நிகழ்ச்சி முடிந்து உறுமியை வண்டியில் ஏற்றியதும், வாலிபர்கள் கைத்தொலைபேசியில் மற்றக் குழுவினருக்குச் செய்தி அனுப்புகிறார்கள்: எந்தக் கம்பெனி பேசியபடி கொடுத்தது, எது சமையற்கட்டின் புறத்தே நிறுத்தி வைத்தது என்று. அடுத்த விருந்துக்கு ஆள் தேடும் கனவான்கள் தங்கள் கம்பெனியைக் குறித்து அவ்வாற்றுப்படை என்ன சொல்கிறது என்று விசாரித்துப் பார்ப்பாராக. மேசையில் அமர்ந்திருக்கும் நாமும், இழிவான வேடிக்கை மேடையில் எழும்போது, நகைக்காதிருக்கவேனும் கற்றுக்கொள்வோமாக.