129.9-இல் நிற்கும் கலை

சத்தம் போடுவதெல்லாம் ஒரு போட்டியா என்று கேட்பவர்களை அமெரிக்காவின் பாஸ் ரேஸ் ஒன்றுக்குக் கையைப் பிடித்து இழுத்துப் போக எனக்கு ஆசை. கார் ஒலிபெருக்கிகளின் சத்தத்தை அளந்து நடக்கும் போட்டியாக வேய்ன் ஹாரிஸ் தொடங்கிய டிபி டிராக் ரேசிங்கில் இது ஒரு பிரிவு. இரண்டு கார்கள் சத்தத்தில் மோதும். 30 விநாடி ஆட்டம். 129.9 டெசிபல் பிரிவு என்றால் அந்த எண்ணை ஒட்டி யார் நிற்கிறாரோ அவருக்கே வெற்றி. 130.0-ஐத் தொட்டால் போச்சு! எட்டிய உச்சம்தான் கணக்கு. ஏறிய எண் இறங்காது.

அந்த 0.1 டெசிபல் எவ்வளவு என்கிறீர்கள்? ஒலி அழுத்தத்தில் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல், அவ்வளவே. காரே கிடுகிடுக்கும் அந்த அமளியில், முன்கண்ணாடியில் பொருத்திய டெர்ம்-லேப் சென்சார் இந்த நூலிழையைப் பிரித்துச் சொல்கிறது. எனக்கு இது இன்னும் அதிசயம்தான்.

ஆனால் என்னை அடிமையாக்கியது அந்த எண்ணைக் காட்டும் திரை. ஒலி எழுவதற்கும் எண் தெரிவதற்கும் நடுவே ஒரு சின்னஞ்சிறு தாமதம் இருக்கும். 40 ஹெர்ட்ஸ் பாஸில் ஓர் அலை முடியவே 25 மில்லிவிநாடி ஆகிறது. சில அலைகளையாவது பார்க்காமல் கருவி எப்படிச் சராசரி அழுத்தத்தைக் கணிக்கும்? பிறகு அது கணினிக்குப் போய், திரைக்கு வரவேண்டும். ஆக, ஆட்டக்காரர் பார்ப்பது எப்போதும் கொஞ்சம் பழைய எண். அதை நம்பி வால்யூமைத் திருப்பினால், பாட்டில் பாஸ் விழும் அந்தக் கணம் ஆளைக் கவிழ்த்துவிடும்.

தாமதம் இருக்கட்டும், அது ஒரே சீராக இருந்தால் போதும் என்பது என் கட்சி. ஒரே சீரான தாமதத்தைக் கை பழகிக்கொள்ளும். ஒரு சமயம் உடனே, ஒரு சமயம் திணறி வரும் திரை ஆட்டத்தையே கொன்றுவிடும்.

சீரான திரையில் நான் பார்த்த ஓர் ஆட்டத்தைச் சொல்லியே ஆகவேண்டும். 129.5 தெரியும்போதே ஒருவர் குமிழிலிருந்து கையை எடுத்துவிட்டார். 129.7. 129.8. அங்கேயே நின்றது! எதிர்க் காரோ 129.6-ஐப் பார்த்து இன்னும் கொஞ்சம் திருப்பியது, திரையில் 130.2. காதடைப்பான் போட்டிருந்தும் என் கத்தல் எனக்கே கேட்டது.