சீதனக் கதைகளில் தங்கை எங்கே?

ஈழத்துச் சிறுகதைகளைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு அந்தத் தமையனை நன்கு தெரியும். யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில் பிறந்து, கொழும்பில் எழுதுவினைஞனாகி, வாடகை அறையொன்றில் நால்வரோடு முடங்கி, தங்கைமாரின் சீதனத்துக்காகக் காசு சேர்ப்பான். கடைசித் தங்கை கரையேறும்போது அவனுக்குத் தலை நரைத்திருக்கும். பிற்காலக் கதைகளில் அவன் மத்திய கிழக்குக்கும் ஐரோப்பாவுக்கும் போனான். கதை மட்டும் மாறவில்லை.

அவனுடைய துன்பம் பொய்யன்று. பெண்ணுரிமையின் பெயரால் அதை எள்ளி ஒதுக்குவோருடன் நாம் உடன்படோம். 'ஆம்பிளைப் பிள்ளைதானே' என்ற ஒரு சொல்லால் அவன் இளமையைப் பறிக்கும் சமுதாயம், அவன் முணுமுணுத்தால் ஆண்மையற்றவன் என்று ஏசவும் செய்கிறது. ஆயினும் அவனது இழப்புக்குத் தியாகம் என்றொரு பெயராவது கிடைக்கிறது. தங்கையின் இழப்புக்கு என்ன பெயர்? கதாசிரியர் அவளைக் குடும்பத்தின் பாரம் என்கிறார். அவள் வெங்காயத் தோட்டத்தில் புல்லுப் பிடுங்கியதும் கிடுகு பின்னி விற்றதும் சீதனக் கணக்கில் ஏறுவதில்லை. அடுப்படியில் அவள் படும் பாட்டை யாரும் வேலையென்றே எண்ணுவதில்லை. முப்பது வயதுவரை படலைக்குள்ளேயே காத்திருந்தவளின் மனத்தில் என்ன நிகழ்ந்தது என்று விசாரித்த கதைகள் மிகச் சிலவே. துன்பப்படுபவன் ஆண், அத்துன்பத்துக்குக் காரணம் பெண்! ஒரே வழக்கத்தால் நசுக்கப்படும் இருவரில் ஒருத்தியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் இந்தப் பார்வையைத்தான் நாம் ஆட்சேபிக்கிறோம்.

சீதனம் பெண்ணின் சொத்துத்தானே, நட்டமடைபவன் ஆண்தானே என்று வாதிடுவோரும் உளர். உறுதி அவள் பெயரில்தான் முடிக்கப்படுகிறது, உண்மை. ஆனால் தேசவழமைக்குட்பட்ட மனைவி தன் காணியைக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்கலாகாது என்று 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் விதித்தது. அவன் நியாயமின்றி மறுத்தால் அவள் நீதிமன்றப் படியேற வேண்டும். கணவனோ தன் முதுசக் காணியை விற்க அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டியதில்லை. தமையன் வியர்வை சிந்தித் தேடியது, தங்கையின் பெயரில் எழுதப்பட்டு, மைத்துனனின் கையெழுத்துக்குக் காத்துக் கிடக்கிறது. இந்த விசித்திரத்தில் ஒரு நல்ல கதை இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இக்கதைகள் பெரும்பாலும் தமையனின் கலியாணத்துக்கு முன்னரே முடிந்துவிடுகின்றன. அவனுக்குப் பெண் பேசும்போது, நன்கொடை என்ற பெயரில் அவன் பெற்றோர் எண்ணி வாங்கும் காசு இன்னொரு வீட்டுத் தமையன் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்தது. அந்த அத்தியாயத்தை எழுத நம் கதாசிரியர்கள் ஏன் தயங்குகிறார்கள்?