யாருக்குத் தனிப்பாட்டு?

குதிரையும் துப்பாக்கியும் பாட்டும் கலந்த அமெரிக்கப் படங்கள் எனக்குப் பிடிக்கும். வெறுப்பவன் சொல்லும் குறையை விட ரசிகன் சொல்லும் குறைக்கு மதிப்பு அதிகம் என்ற தைரியத்தில் ஒன்று சொல்லுகிறேன்.

1955-ல் வெளியான 'ஓக்லஹோமா'வை எடுத்துக்கொள்ளுங்கள். கதை நடக்கும் மண், 1907-ல் மாகாணமாகும்வரை செவ்விந்தியர் பிரதேசம். மூல நாடகத்தை எழுதிய லின் ரிக்ஸ் தாய்வழியில் செரோக்கி வம்சத்தவர். ஆனால் படத்தில் பாடி ஆடுகிறவர்கள் வெள்ளைக்காரக் குடியானவர்களும் மாட்டுக்காரர்களும்தான். அந்நியர் என்று சொல்லத்தக்கவர்கள் இருவர்: ஒரு பாரசீக வியாபாரி, ஒரு பண்ணையாள். மேடையில் இருவருக்கும் சொந்தப் பாட்டு உண்டு. படமாக்கும்போது அந்த இரண்டு பாட்டுகளும் கழிக்கப்பட்டுவிட்டன!

சங்கீதப் படத்தில் பாட்டு என்பது ஒரு பாத்திரம் தன் நெஞ்சைத் திறந்து காட்டும் இடம். யார் எத்தனை நேரம் திரையில் நின்றார்கள் என்பது எனக்கு முக்கியமில்லை. யாருக்குத் தனிப்பாட்டு கிடைத்தது என்றுதான் பார்ப்பேன்.

இந்தத் தராசில் நம் படங்களையும் நிறுத்துவோம். கதாநாயகன் காட்டுக்குள் நுழைகிறான். உடனே தீ மூட்டி, பாசிமணியும் இறகுமாக ஒரு கூட்டம் ஆட வந்துவிடுகிறது. வாயைத் திறந்தால் எந்தப் பாஷையிலும் சேராத சத்தம். கோஷ்டிப் பாட்டு முடிந்ததும் அவர்கள் கதையும் முடிந்தது.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலைக்குப் போனால் வேறு மனிதர்களைப் பார்க்கலாம். மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்காரர்கள் அல்ல, மலைக்கு உரியவர்கள் என்று பொருள். பேசுவது நம்முடைய தமிழ். விதைப்பது சாமையும் கேழ்வரகும். ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து 1976-ல்தான் அந்த மலை சர்க்கார் வசம் வந்தது.

இந்த மலைத்தொடர்களில் வழங்கும் பூர்வ கதை ஒன்று உண்டு. கரிராமன் என்ற தெய்வம் காஞ்சியை விட்டுப் புறப்பட்டதாம். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூவர் குடும்பத்தோடு பின்னால் நடந்தார்கள்; ஆளுக்கொரு திசையாகப் பிரிந்து குடியேறினார்கள். பெரியண்ணன் ஏறியது சேர்வராயன் மலை.

ஊரை விட்டுப் புது நிலம் தேடிப் போகிறவன் கதை இது! அமெரிக்கப் படமானால் கூண்டு வண்டி ஓட்டும் நாயகனுக்குக் கிடைக்கும் பாத்திரம். நாமோ மலைவாசிக்கு இறகைச் செருகி, தீயைச் சுற்றி ஆடவிட்டோம்.

அந்தச் சேர்வராயன் பக்கத்தில்தான் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. 1952-ல் அமெரிக்கர்களோடு கூட்டாக அவர்கள் எடுத்த 'காடு' படத்துக்கு வெளிநாட்டு நடிகர்கள் வந்தார்கள். யானைக்கு ரோமம் ஒட்டினார்கள். கூப்பிடு தூரத்து அண்ணன் தம்பி கதை மலை மேலேயே இருந்தது.

"பாட்டுப் படத்தில் வாஸ்தவம் எதற்கு?" என்பீர்கள். வேஷம் போடட்டும், வேஷமில்லாமல் ஸினிமா ஏது? ஆனால் கள்ளக்குறிச்சிக் கொட்டகையில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கும் மலையாளிப் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். நாயகன் பாடும்போது கை தட்டுகிறான். இறகுக் கூட்டம் வந்ததும் கொட்டகை சிரிக்கிறது. அவனும் கூடச் சிரிக்கிறான். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது. தெரிகிற நாளில் அவன் கேட்கப் போவது பெரிய நியாயம் ஒன்றுமில்லை. புரிகிற பாஷையில் ஒரே ஒரு பாட்டு.